கண்ணாடியில் மாட்டிய தட்டு

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரியும் இந்த மரங்களுக்கு அடியில் இப்போது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்துகொண்டிருக்கிறார்கள். சென்னை கதீட்ரல் சாலையில் இருக்கும் செம்மொழிப் பூங்கா இது. 2010 நவம்பரில் திறக்கப்பட்டது. ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது பூங்கா. என் வயதுக்காரர்களோ ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து "டிரைவ் இன் போப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வது இன்னும் நின்றபாடில்லை. 1962 முதல் 2008 வரை, 46 ஆண்டுகள், இந்த இடம் உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகமாக இருந்தது. அந்த உணவகத்தையும், அதற்குள் வந்து நின்ற கார்களையும் பற்றிப் பேசத்தான் இன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக முதலில் அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கதீட்ரல் சாலையிலிருந்து காரை உள்ளே திருப்பினால், சாலையின் இரைச்சல் சட்டென்று அடங்கி, சக்கரத்தின் கீழே மண்ணும் சருகும் நெரியும் சத்தம் கேட்கும். எந்த மரத்தடியில் நிழல் இருக்கிறதோ அங்கே காரை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சர்வர் தானாக வருவார், அன்றைக்கு உள்ளதை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார், எதையும் தாளில் எழுதிக்கொள்ளாமல் திரும்பிப் போவார். சிறிது நேரத்தில் ஒரு நீளமான தட்டோடு வந்து, அதன் கொக்கிகளைக் கார்க் கதவின் கண்ணாடி விளிம்பில் மாட்டுவார். அதற்குக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட உயரத்தில் நிற்க வேண்டும். முழுவதும் இறக்கிவிட்டால் கொக்கி மாட்ட இடம் கிடையாது, முழுவதும் ஏற்றிவிட்டால் தோசை வெளியிலும் நாம் உள்ளேயும் இருப்போம். நான்கு விரல் உயரத்துக்குக் கண்ணாடி வெளியே தெரிய வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு.

அந்தக் கணக்கு எங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1970-களின் தொடக்கம், நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் காரில் முன்னால் பெரியப்பாவும் அப்பாவும், பின்னால் பெரியம்மா, அம்மா, அண்ணன், நான் என்று ஆறு பேர். தட்டு மாட்டியாயிற்று, அதில் இரண்டு நெய் ரோஸ்ட், ஒரு சன்னா பட்டூரா, சாம்பார்க் கிண்ணங்கள், டபரா டம்ளரில் காபி. பெரியப்பா ஏதோ சில்லறை எடுப்பதற்காக அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டி, தட்டு எட்டவில்லையே என்று கண்ணாடியை இறக்கும் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டான். கண்ணாடியோடு சேர்ந்து தட்டும் இறங்கியது, கொக்கி கதவின் விளிம்பில் இடித்து நழுவியது, சாம்பார் அப்படியே உள்பக்கமாகச் சாய்ந்து பெரியப்பாவின் வெள்ளை வேட்டியிலும் இருக்கையிலும் பாய்ந்தது. பெரியப்பா கத்தவில்லை. "காபி தப்பிச்சுதா பாருடா" என்று மட்டும் கேட்டார். சர்வர் ஈரத்துணியோடு ஓடிவந்தார்; அவர் முகத்தில் சிறிதும் வியப்பு இல்லாததைப் பார்த்தால், வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இதைச் செய்திருக்கும் என்றுதான் தோன்றியது. அந்த இருக்கையின் தையலில் ஏறிய மஞ்சள் கறை கார் விற்கப்படும் வரை போகவே இல்லை.

அந்தக் கார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்க் கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் இருந்த தன் தொழிற்சாலையில் தயாரித்தது. முதலில் வந்தவை இரண்டு கதவு வண்டிகள். பின்னால் ஏற வேண்டுமானால் முன்னிருக்கையை மடக்க வேண்டும், பெரியம்மா ஒவ்வொரு முறையும் அதைத் திட்டிக்கொண்டேதான் ஏறுவார். அதன் பானட்டைப் பற்றித் தெரியாதவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்: இரண்டு முன் மட்கார்டுகளும் முகப்பு விளக்குகளும் பானட்டோடு ஒரே துண்டாகச் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்து காய்கறி நறுக்குகிறவரைப் போல நிதானமாக எஞ்சின் வேலை பார்க்கலாம். வண்டியும் இருந்த இடத்திலேயே திரும்பியதோ என்று நினைக்கும்படி வளையும். இந்த மரங்களுக்கு இடையே புகுந்து நிறுத்துவதற்கு அதைவிட ஏற்ற கார் கிடையாது என்பது பெரியப்பாவின் கட்சி.

அன்றைய கார்களைப் பற்றி நினைக்கும்போது ஏக்கத்தில் ஒன்றை மறந்துவிடுகிறோம். தேர்ந்தெடுக்க மூன்றே கார்கள்தான் இருந்தன. 1950-களில் அரசு, இறக்குமதி செய்த பாகங்களைப் பூட்டிக் கார் விற்பவர்களை ஊக்குவிப்பதில்லை, உள்நாட்டிலேயே தயாரிப்பவர்களுக்குத்தான் இடம் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. மிஞ்சியவை கல்கத்தாவுக்கு அருகில் உத்தரபாராவில் தயாரான அம்பாசிடர், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காரின் பெயரைச் சொன்னாலே ஆளின் வேலையை ஊகித்துவிடலாம் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை உண்டு: அம்பாசிடர் என்றால் அரசு அதிகாரி அல்லது அரசியல்வாதி, ஃபியட் என்றால் டாக்டர், ஹெரால்டு என்றால் வீட்டில் கொஞ்சம் கிறுக்கு பிடித்த ஒரு பெரியப்பா.

ஒரு நிமிடம், மைக்கில் காற்று அடிக்கிறது, இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். சரி.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கார் ஓடாத நாள் கிடையாது. காலையில் வாளித் தண்ணீரில் கழுவுவது, மாலையில் எல்லோரும் ஏறிக்கொண்டு மவுண்ட் ரோடு வழியாக ஒரு சுற்று, பிறகு மெரினாவில் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டுச் சுண்டல், கடைசியில் இங்கே டிபன். கோடைக்காலத்தில் பாதி வழியில் இருமி நின்றுவிடும். வெயிலில் பெட்ரோல் பம்ப்பிலேயே ஆவியாகி எஞ்சினுக்குப் போகாமல் அடைத்துக்கொள்ளும்; அதற்கு மருந்து, ஈரத்துணியை பம்ப்பின் மேல் சுற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருப்பது. பெரியம்மாவின் கைக்குட்டைகள் பல அந்த வகையில் எண்ணெய் குடித்துப் போயின. பெரியப்பா ஆண்டுக்கு ஒரு முறை சோழவரத்துக்கும் போவார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த கார்ப் பந்தயம் அது. அங்கிருந்து திரும்பிய இரண்டு நாள்கள் மட்டும் அவர் ஹெரால்டைச் சற்று வேகமாக ஓட்டுவார், பிறகு பெட்ரோல் செலவு நினைவுக்கு வந்துவிடும்.

காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் இந்த ஏற்பாடு அமெரிக்காவில் பிறந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1921-இல் டெக்சாஸின் டல்லாஸ் நகரில் 'பிக் ஸ்டாண்ட்' என்ற பன்றியிறைச்சிக் கடை இதைத் தொடங்கியது. கார் நிற்பதற்கு முன்பே பையன்கள் ஓடிவந்து அதன் படிப்பலகையில் தாவி ஏறி ஆர்டர் எடுப்பார்களாம். அடுத்த முப்பது ஆண்டுகளில் அது அந்த நாட்டு இளைஞர்களின் மாலை நேரமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதை முடித்து வைத்ததும் அங்கிருந்த ஒரு டிரைவ் இன்தான். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கடை நடத்திய மெக்டொனால்டு சகோதரர்கள், காரில் வந்து காரை விட்டுப் போகாத கூட்டம் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று சலித்து, 1948-இல் கடையைச் சில மாதம் மூடி, காருக்குத் தட்டு கொண்டுபோன பெண்களை நிறுத்திவிட்டு, ஜன்னலில் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று திறந்தார்கள். வேகம் லாபமாயிற்று. அந்தக் கடை வழி காட்டிய பாதையைத்தான் பின்னர் உலகம் முழுவதும் பார்த்தோம்.

இங்கே நடந்தது நேர் எதிர். இதை நிறுவிய கே. கிருஷ்ணா ராவ், உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து சமையற்கட்டில் எடுபிடியாகத் தொழிலைத் தொடங்கியவர். 1938-இல் ராயப்பேட்டையில், இராமநாதபுரம் ராஜாவுக்குச் சொந்தமான ஒரு பங்களாவில் ஓட்டல் திறந்தார். அந்தப் பங்களாவின் பெயர்தான் உட்லண்ட்ஸ். 1952-இல், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ். அதற்குப் பத்தாண்டுக்குப் பின், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற இந்தத் தோப்பில் டிரைவ் இன். அமெரிக்க ஏற்பாட்டின் தட்டை எடுத்துக்கொண்டு அதில் உடுப்பித் தோசையை வைத்தார் என்று சொல்லலாம். அவசரத்தை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. காபி குடித்து முடித்த காரைப் பார்த்து யாரும் கிளம்பச் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை, இதற்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கார் கிடையாது. டிரைவ் இன் என்று பலகை மாட்டிய இடத்தில் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக நிற்கும். உள்ளே கூடத்திலும் தோட்டத்து மேசைகளிலும் கல்லூரி மாணவர்கள், வழக்கறிஞர்கள், பத்திரிகைக்காரர்கள், கதை சொல்ல ஆள் தேடும் சினிமா உதவி இயக்குநர்கள். காலை நேரத்தில் தோல்பையோடு மெடிக்கல் ரெப்புகள். அன்றைக்கு யார் எந்த டாக்டரைப் பார்ப்பது என்ற பங்கீடே இங்கேதான் நடக்கும். நானும் கல்லூரி நாள்களில் அப்படித்தான் வந்தேன். நான்கு பேர் சேர்ந்து சில்லறை திரட்டி, இரண்டு காபியை நான்காகப் பிரித்து, ஒரு முழு மதியத்தை ஓட்டியிருக்கிறோம். காருக்காக ஒதுக்கிய விசாலம்தான் கார் இல்லாதவனுக்கு அந்த மதியத்தைக் கொடுத்தது. காக்கைகளுக்கும் அதில் பங்குண்டு. கவனிக்காமல் விட்டால் பானட்டில் வந்து உட்கார்ந்து தட்டிலிருந்து வடையைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பிறகு கார் பெருகியது. 1983 டிசம்பரில் மாருதியின் முதல் கார் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில், காத்திருப்பு என்ற சொல்லே கார் வாங்குவதிலிருந்து மெல்ல மறையத் தொடங்கியது. ஹெரால்டு அதற்கு முன்பே நின்றுபோய்விட்டது. பெரியப்பா தன் வண்டியை ஒரு மெக்கானிக்கிடமே விற்றார். விற்ற அன்று இரவு சாப்பிடவில்லை என்று பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இந்த நிலத்தைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்து, முடிவில் நிலம் அரசிடம் சென்றது. 2008-இல் உணவகம் மூடப்பட்டது. கடைசி வாரங்களில் நகரம் முழுவதும் இங்கே வந்து வரிசையில் நின்று தோசை சாப்பிட்டது. அவர்களில் ஒருவன் நான். பூங்காவாக்கியதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பழைய மரங்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், வேறொரு கையில் சிக்கியிருந்தால் இங்கே இன்று பத்து மாடி நின்றிருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இன்று காலை இந்த வீடியோ எடுப்பதற்காக நான் என் காரில்தான் கிளம்பினேன், நிறுத்த இடம் தேடி மூன்று தெருக்களைச் சுற்றிவிட்டு, கடைசியில் கோபாலபுரத்தில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். விரல்விட்டு எண்ணுமளவு கார்கள் ஓடிய ஊரில், கார் நிழலில் நின்று இளைப்பாற இத்தனை ஏக்கர் இருந்தது.

முடிப்பதற்கு முன் இந்தப் புகைப்படத்தைக் காட்டிவிடுகிறேன், வெளிச்சம் படும்படி பிடிக்கிறேன். கறுப்பு வெள்ளை. இது பெரியப்பாவின் ஹெரால்டு, இது அண்ணன், இங்கே பாதி முகம் மட்டும் தெரிவது நான். கண்ணாடியைப் பாருங்கள், சரியாக நான்கு விரல் உயரத்தில் நிற்கிறது. தட்டு இன்னும் வரவில்லை. பெரியப்பாவின் இடது கை, அண்ணன் எட்டிவிடாதபடி, அந்தக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.