ஆட்டுக்கு வால் உண்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பள்ளி ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களை மனத்தில் வைத்துத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள் இருக்கிற ஈராசிரியர் பள்ளி. நம் கிராமங்களில் பாதிப் பேர் அப்படி ஒரு பள்ளியில் படித்தவர்களாக இருப்பீர்கள். அதனால் உங்களுக்கும் இது தெரிந்த கதைதான்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று சொல்கிறது. கணக்கு சரிதான். ஆனால் பிள்ளைகள் 60 என்றாலும் 20 என்றாலும் வகுப்பு ஐந்து. தலைமையாசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் அந்த ஐந்தும் உங்கள் தலையில். பயிற்சிக் கல்லூரியில் ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்றுதான் பாடம் நடத்திக் காட்டியிருப்பார்கள். இங்கே வந்து பார்த்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுகிறது, நான்காம் வகுப்பில் இருவர் பல்பத்துக்குச் சண்டை, வாசலில் சத்துணவு அம்மா, “இன்னைக்கு எத்தனை பேரு டீச்சர்?” என்று அரிசி அளக்கக் காத்து நிற்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1988 ஜூன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு ஊர். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், கரிசல் மண் அப்படிப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுக் கட்டடம், ஒரே நீளமான அறை. மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. பிள்ளைகள் 43 பேர்.

நான்காம் நாள் தலைமையாசிரியர் சம்பளப் பட்டியல் கொடுக்க ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டார். நான் ஒருத்தி. ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் ஆரம்பித்தால் ஒன்றாம் வகுப்பு எழுந்து ஓடுகிறது. அதை அதட்டி உட்கார வைத்தால் மூன்றாம் வகுப்பு சலசலக்கிறது. பதினொரு மணிக்குள் தொண்டை கட்டிவிட்டது. அப்போது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். “டீச்சர், ஒண்ணாப்புப் பிள்ளைகள நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். நான் சரி என்று சொல்வதற்குள் ஒன்பது குட்டிகளையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து சன்னல் வழியாகப் பார்த்தேன். பாவாடை மடியிலிருந்து புளியங்கொட்டைகளைக் கொட்டி, மண்ணில் ‘அ’ போல அடுக்கியிருந்தாள். அந்த விரல்கள் என்ன வேகம்! வீட்டில் ராத்திரி தீப்பெட்டி ஒட்டுகிற பிள்ளை. நகத்தோரம் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். ஒரு பையன், சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் வாயே திறக்காதவன், ‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் வித்தியாசம் பிடிபடாமல் முழித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கேட்டாள்: “அம்மாவுக்கு வாலு உண்டாலே?” அவன் சிரித்துவிட்டான். “இல்ல.” “ஆட்டுக்கு?” “உண்டு!” “அப்ப ‘அ’வுக்கு வாலு கிடையாது. ‘ஆ’வுக்கு உண்டு.” சொல்லிக்கொண்டே நாலு கொட்டையை எடுத்து அந்த எழுத்தின் அடியில் சுழித்து வைத்தாள்.

அவ்வளவுதான். அந்தப் பையன் அதற்கப்புறம் ‘ஆ’வைத் தப்பாக எழுதியதே இல்லை. ஆடு மேய்க்கிற வீட்டுப் பிள்ளை அவன். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இதை நான் 31 வருட வேலைக்காலத்தில் எத்தனையோ பயிற்சிகளில் சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன்: சின்னப் பள்ளியில் ஆசிரியர் இருவர் அல்ல. பெரிய பிள்ளைகளையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

இது புதுச் சரக்கும் அல்ல. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்ற பெரிய பையன் சின்னவர்களுக்கு மணலில் எழுத்துப் பழக்குவான். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆண் பிள்ளைகளின் அநாதை இல்லப் பள்ளி ஒன்றைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தம் பள்ளியில் செய்யச் சொன்னபோது ஆசிரியர்கள் முகம் கொடுக்கவில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்னவர்களை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். 1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டார். அப்புறம் இங்கிலாந்து முழுக்க அந்த முறையில் பள்ளிகள் வந்தன. அதற்குப் பெயரே மெட்ராஸ் முறை. நம் மண்ணிலிருந்து போன சங்கதி, நாம்தான் மறந்துவிடுகிறோம்.

ஆனால் ஒன்று. பழைய சட்டாம்பிள்ளை கையில் பிரம்பும் இருந்தது. அது வேண்டவே வேண்டாம். பெரிய பிள்ளையை நம் வேலைக்காரப் பிள்ளையாக ஆக்கிவிடவும் கூடாது. ஒரு நாளைக்கு அரை மணி, அதற்கு மேல் வேண்டாம். அதுவும் ஒரே பிள்ளையை அல்ல, முறை வைத்து மாற்றி மாற்றி. மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கும் முறை வர வேண்டும், அதற்குத்தான் முக்கியமாக வர வேண்டும். சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கையில்தான் அதற்கே வாய்ப்பாடு நிற்கும்.

மற்ற நேரத்துக்கு என்ன செய்வது? ஒரு வேப்பங்குச்சியை இலையோடு ஒடித்து வாருங்கள். ஒன்றாம் வகுப்பு இலைகளை எண்ணட்டும். மூன்றாம் வகுப்பு பத்து குச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டட்டும். ஐந்தாம் வகுப்பு அந்தக் கூட்டுத்தொகையைப் பத்துப் பேருக்குச் சமமாகப் பங்கிடட்டும். ஒரே மரம், ஒரே பேச்சு, ஐந்து வகுப்பும் அதில் இருக்கும். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்துப் பிறகு மாநிலம் முழுக்க வந்ததே செயல்வழிக் கற்றல், பிள்ளைகள் எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, கையில் அட்டை. இப்போது 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கிற நிலையைப் பார்த்துப் பாடம். பெயர்கள் மாறுகின்றன. தரையில் பிள்ளைகளோடு உட்காருகிற ஆசிரியருக்கு எந்தப் பெயரும் பயம் இல்லை.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு நிமிடம் என்று விரல் காட்டுகிறார். பதிவேடுகள், செல்போன் வருகைப் பதிவு, தலைமையாசிரியரோடு எப்படிப் பழகுவது, எல்லாம் எழுதி வைத்திருந்தேன், முடியாது போலிருக்கிறது. அந்தப் பெண்ணை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்தவள் ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. தீப்பெட்டி ஆலை வண்டி விடியுமுன் வந்து பிள்ளைகளை ஏற்றிப் போகிற காலம் அது. அவள் வீட்டுக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவள் அப்பா ஒன்றும் பேசாமல் மாற்றுச் சான்றிதழை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். ஒரு மாதம் தாமதமாகத்தான் சேர்ந்தாள்.

ஆகவே புது ஆசிரியர்களே, ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அன்று மாலையே பஸ் பிடிப்பதற்கு முன் அந்த வீட்டை எட்டிப் பாருங்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நேரம் முடிந்தது. வணக்கம்.