சீட்டு வாங்கும் முன்பே ஸ்காலர்ஷிப்பைப் பாருங்கள்

(பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர்களுக்கான உயர்கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்திருக்கும் பெற்றோர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

முதலில் சேர்ந்துவிடலாம், ஸ்காலர்ஷிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி வருகிறவர்களில் பலருக்கு நான் கையை விரிக்கத்தான் வேண்டியிருந்தது. உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தில் பெரும்பகுதி, நீங்கள் எந்த வழியாகச் சீட்டு வாங்குகிறீர்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு தனியார் பொறியியல் கல்லூரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச், இரண்டு மாணவர்கள். இரண்டு பேரும் அரசுப் பள்ளிதான், வீட்டிலும் ஒரே நிலைமைதான். ஒருவன் கவுன்சலிங்கில் கலந்துகொண்டு வந்தவன். இன்னொருவன் வீட்டுக்கு ரிசல்ட் வந்த வாரமே ஓர் ஏஜென்ட் போய், "சீட்டு தீர்ந்துவிடும், இப்போதே அட்வான்ஸ் கட்டுங்கள்" என்று பயமுறுத்தி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் கையெழுத்து வாங்கிவிட்டார். முதலாமவனுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அந்த ஒதுக்கீட்டில் வராவிட்டாலும், முதல் பட்டதாரி, அதாவது குடும்பத்தில் முதல்முதலாகப் பட்டம் படிக்கிறவன், என்றால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. பட்டியலின, பழங்குடி மாணவன் என்றால், பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இரண்டாமவனுக்கு இந்த மூன்றுமே கிடையாது. அந்த ஒரு கையெழுத்துக்கு நான்கு வருஷக் கட்டணம் விலையாகப் போய்விட்டது.

இந்த 7.5 சதவீதம் 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து இங்கே வந்தவர்களுக்கும் இடமுண்டு; இது பலருக்குத் தெரிவதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை 2010இலிருந்து இருக்கிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் வாங்கியிருந்தால் தங்கைக்குக் கிடையாது. யாருக்கு அந்தச் சான்றிதழ் அதிகம் பயன்படும் என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தயவுசெய்து, தானாகவே பையனுக்கு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கலை அறிவியல் படிக்க நினைக்கிறவர்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணமே இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்று வருஷ இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் எந்த நிபந்தனையும் இல்லாமல் இருக்கிறது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால்தான் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதோடு, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். 2022 செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து தமிழ்ப் புதல்வன். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இந்த இரண்டு திட்டத்திலும் வருகிறார்கள். சாதி பார்ப்பதில்லை, வருமானம் பார்ப்பதில்லை, வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. மூன்று வருஷத்தில் 36,000 ரூபாய், பிள்ளையின் சொந்தக் கணக்கில். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கை நீட்டாமல் ஒரு பெண் படிக்கிறாள் என்றால், அதன் மதிப்பு அந்த ஆயிரத்தைவிடப் பெரியது.

அரசுப் பணத்தில் படிப்பதைச் சிலர் கூச்சமாக நினைக்கிறார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. 1913இல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. அதே மனிதர் 1942இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உட்கார்ந்தபோது, பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. எண்பது வருஷம் தாண்டியும் அது நடந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு நம் பிள்ளைகள் பெயரில் வரும் பணம் அந்த வழியில் வருவதுதான்.

சரி, இந்த போஸ்ட் மெட்ரிக் எதையெல்லாம் கொடுக்கும்? திரும்பத் தராத கட்டாயக் கட்டணங்கள், அதாவது கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை, ஒரு பக்கம். 2012இல் வந்த அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் பட்டியலின, பழங்குடி, கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் இவற்றை அரசே ஏற்கும் என்றது. இன்னொரு பக்கம், படிப்புப் படி என்று ஆண்டுக்கு ஒரு தொகை: தொழிற்பட்டப் படிப்புகளுக்கு விடுதியில் தங்கினால் ரூ. 13,500, வீட்டிலிருந்து போனால் ரூ. 7,000. பி.ஏ., பி.எஸ்சி. என்றால் ரூ. 6,000, ரூ. 3,000. வருமான வரம்பு இரண்டரை லட்சம்.

எது இதில் வராது என்பதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். காலேஜ் பஸ் கட்டணம் வராது. காஷன் டெபாசிட் திரும்பத் தரும் பணம் என்பதால் வராது. யூனிஃபார்ம், லேப் கோட், ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் செலவு, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று கேட்கும் பணம் எதுவும் வராது. ஒரு பிள்ளை படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சின்னத் தொகைகளில்தான். டியூஷன் ஃபீஸ் மொத்தமும் அரசு கட்டிவிட்டது, பஸ் ஃபீஸ் பாக்கிக்காக ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள் என்று அழுதுகொண்டு வந்த பிள்ளையை என் மேசைக்கு முன்னால் பார்த்திருக்கிறேன். ஆகவே சேர்வதற்கு முன்பே கல்லூரியில் கட்டண விவரம் முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை யார் கட்டப்போகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பதில் இல்லாமல் நிற்கும் வரிகளைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் உண்மையான செலவு. வீட்டிலிருந்து பத்து ரூபாய் டவுன் பஸ்ஸில் போகக்கூடிய அரசுக் கல்லூரியையும், நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் கல்லூரியையும் அந்தக் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் மாநிலத்தில். மத்திய அரசுத் திட்டங்களுக்கு நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல், என்எஸ்பி என்பார்கள், அதில் ஓடிஆர் எனும் ஒருமுறைப் பதிவு எண் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும். பிளஸ் டூவில் உங்கள் பாடப்பிரிவில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், இளங்கலைக்கு ஆண்டுக்கு ரூ. 12,000 தரும் திட்டம் அதில் இருக்கிறது. நாடு முழுக்க வருஷத்துக்கு 82,000 பேருக்கு, பாதி பெண்களுக்கு. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குகிறவர்கள் இதை வாங்க முடியாது. எது பெரிய தொகை என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். பொறியியலிலோ டிப்ளமோவிலோ சேரும் பெண்களுக்கு தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம். இரண்டும் ஆண்டுக்கு ரூ. 50,000, வருமான வரம்பு எட்டு லட்சம். எட்டு லட்சம் என்பதைக் கவனியுங்கள். நமக்கெல்லாம் எங்கே வரும் என்று ஒதுங்குகிற சின்னக் கடைக்காரர், தனியார் கம்பெனி ஊழியர் வீட்டுப் பெண்களும் இதில் வருகிறார்கள்.

அப்புறம், பெற்றோரின் தொழில். இங்கேதான் நிறையப் பணம் கேட்பாரில்லாமல் கிடக்கிறது. அம்மா பீடி சுற்றுகிறாரா? பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்எஸ்பியிலேயே தனி உதவித்தொகை இருக்கிறது. அப்பா கட்டட வேலையா? நலவாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு உதவி உண்டு. நிலம் வைத்திருப்பவர்கள், விவசாயக் கூலிகள், உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டையை எடுத்துப் பாருங்கள். அதிலும் கல்வி உதவி இருக்கிறது. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் தொழிற்படிப்பில் சேர்ந்தால் பிரதமர் பெயரிலான உதவித்தொகையில் பெண்களுக்கு மாதம் 3,000, ஆண்களுக்கு 2,500. அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் இந்த மாதமே புதுப்பித்துவிடுங்கள்.

தனியார் அறக்கட்டளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நடிகர் சூர்யா தொடங்கிய அகரம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வீடு வரை வந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது. ரிலையன்ஸ் அறக்கட்டளை இளங்கலை முதலாண்டில் 5,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து, படிப்பு முழுமைக்குமாக இரண்டு லட்சம் வரை தருகிறது. இவற்றில் போட்டி அதிகம். முயலுங்கள், ஆனால் இதை நம்பி அரசு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

உதவித்தொகை கிடைத்தபின் அதை இழப்பவர்களும் நிறைய. கணித மேதை ராமானுஜனுக்கு அது நடந்தது. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. ஒரு பருவத்துக்கு 32 ரூபாய் கட்டணம் கட்ட வீட்டில் வழியில்லை. 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது; துறைமுகத்தில் குமாஸ்தாவாக அவர் வாங்கிக்கொண்டிருந்தது 30 ரூபாய். அதற்கும் நிபந்தனை உண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை தர வேண்டும். தந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி இரண்டாவது கதவு திறந்துவிடுவதில்லை. நான் சொன்ன அந்த 12,000 ரூபாய் திட்டத்தில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் இருந்தால்தான் அடுத்த வருஷம் தொடரும். அதுவும் தானாகத் தொடராது, ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். முதல் வருஷம் ஆர்வமாக வரிசையில் நின்றவர்கள் இரண்டாம் வருஷம் மறந்துவிடுகிறார்கள்.

இனி வங்கிக் கணக்கு. பி.எஸ்சி. கணிதம் படித்த ஒரு மாணவி வந்தாள். தளத்தில் பணம் அனுப்பியாகிவிட்டது என்று காட்டுகிறது. பாஸ்புக்கில் ஒரு வரியும் ஏறவில்லை. வங்கியில் போய்க் கேட்டால், ஆதார் லிங்க் ஆகித்தான் இருக்கிறது என்கிறார்கள். தோண்டிப் பார்த்தால், பிளஸ் டூ விடுமுறையில் ஒரு மில்லில் வேலைக்குப் போயிருக்கிறாள். சம்பளத்துக்காக அவர்கள் வேறு வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, அதில் ஆதாரை இணைத்திருக்கிறார்கள். அரசுப் பணம் ஆதார் எண்ணைப் பார்த்துத்தான் போகும், கடைசியாக எந்தக் கணக்கு, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்பிசிஐயில் ஆதாரோடு இணைக்கப்பட்டதோ அங்கே போய் விழும். அவள் பணமெல்லாம் அவள் மறந்துபோன அந்தக் கணக்கில் கிடந்தது. ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் ஆதார் தளத்தில் இருக்கிறது, இன்றைக்கே பாருங்கள். உங்கள் பெயரையும் பாருங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் எங்காவது ஓரிடத்தில் மாட்டும். ஆதார் திருத்தத்தை ரிசல்ட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அறுபது ரூபாய். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று போய் வர நாளாகும். ஜூனில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். இப்போதே போட்டுவிடுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும், கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் யுமிஸ் தளத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். என்எஸ்பியில் விண்ணப்பித்தால் கல்லூரியில் இதற்குப் பொறுப்பான நோடல் அலுவலர் சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவர் அழுத்தவில்லை என்றால் உங்கள் விண்ணப்பம் அங்கேயே கிடந்து காலாவதியாகும். வாரம் ஒருமுறை நிலையைப் பார்த்து, நகரவில்லை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். கேட்கிற பிள்ளையை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உதவித்தொகை வந்திருக்கிறது, கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்று போன் வரும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். போனை வைத்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் கேட்கும் எந்த உதவித்தொகைத் தளத்தையும் நம்பாதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். ஆதார், பாஸ்புக், நலவாரிய அட்டை கொண்டுவந்திருப்பவர்கள் அந்த ஜன்னலோர மேசைக்கு வாருங்கள். பெயர் பொருத்தத்தையும் வங்கி இணைப்பையும் இங்கேயே சேர்ந்து பார்த்துவிடலாம். கவுன்சலிங்குக்கு முன்பே யாருக்காவது அட்வான்ஸ் கொடுத்திருப்பவர்கள் தனியாக வந்து சொல்லுங்கள், சேர்க்கை உறுதியாகும் முன் என்ன செய்யலாம் என்று பேசலாம். இப்போது கேள்விகள். அம்மாக்கள் முதலில் கேளுங்கள்.