கீமோ நடக்கும்போது சத்து மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். கீமோ எடுப்பவர் சோர்ந்து படுத்துவிட்டால், மருந்துக் கடையில் ஒரு அட்டை சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். அக்கறைதான். ஆனால் அதிலிருக்கும் ஃபோலிக் அமிலம் ஒரு கீமோ மருந்துக்குத் துணை, இன்னொன்றுக்கு வினை.

நுரையீரல் புற்றுக்குத் தரும் பெமெட்ரெக்செட்டைப் பாருங்கள். ஃபோலேட் என்ற சத்தைக் கொண்டு (ஃபோலிக் அமிலம் அதன் மாத்திரை வடிவம்) செல்கள் டி.என்.ஏ. உண்டாக்கும் வழியை அது அடைக்கிறது. புற்றோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையும் வாய்ச் சவ்வும் அடிபடும். உடம்பில் ஃபோலேட்டோ பி12-ஓ முன்பே குறைந்திருந்தால் வெள்ளணுச் சரிவும் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் கடுமையாகும். அதனால் முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்கிவிட வேண்டும். தினமும் 400 முதல் 1000 மைக்ரோகிராம். கடைசி டோஸுக்குப் பிறகும் 21 நாள். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், முதல் டோஸுக்கு முந்தைய வாரத்தில் ஒன்று, பிறகு மூன்று சுற்றுக்கு ஒன்று, அதாவது 9 வாரத்துக்கு ஒருமுறை. ஒன்று கவனியுங்கள்: கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை என்பது 5000 மைக்ரோகிராம். சீட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

குடல், மார்பகப் புற்றுக்குத் தரும் கேப்சிடபின் மாத்திரையில் கதை தலைகீழ். உடம்புக்குள் அது ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தாக மாறுகிறது. ஃபோலேட் கூடினால் அதன் பிடி இறுகும். வயிற்றுப்போக்கும், உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து உரிவதும் கூடும். இங்கே சத்து மாத்திரை, மருந்தின் அளவை நாமே ஏற்றிக்கொள்வது மாதிரி.

அடுத்தது தயமின், அதாவது பி1. யாரும் அதிகம் பேசுவதில்லை. உடம்பிலுள்ள இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். வாந்தியெடுத்து, கஞ்சியும் இறங்காமல் கிடப்பவருக்கு அது சீக்கிரமே தீர்ந்துவிடும். அப்போது தெம்புக்காக வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், அதை எரிக்க மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி மூளை பாதிக்கப்படலாம். கண்மணி தானாக ஆடுவது, பார்வை இரட்டையாவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அடையாளங்கள். எல்லாம் சேர்ந்துதான் வரும் என்றில்லை, ஒன்றே போதும். கீமோ அசதி என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தேவை மாத்திரையல்ல, தயமின் ஊசி. குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ போட வேண்டியது. டிரிப்ஸ் போட வரும் செவிலியரிடம், எத்தனை நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.