வறண்ட லேனுக்கு எந்தப் பந்து?

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் விளையாட்டு என்று பேச்செடுத்தால் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்றுதான் வரிசை போகும். அதில் தப்பில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா நம்ம வடசென்னைப் பெண்தான். நான் பேச வந்திருப்பது டென்பின் பௌலிங் பற்றி. மால்களில் பார்த்திருப்பீர்கள். லேன் என்கிற நீளமான தடத்தில் கனமான பந்தை உருட்டி, கடைசியில் பாட்டில் மாதிரி நிற்கும் 10 பின்களைச் சாய்க்கும் ஆட்டம். பிறந்தநாளுக்குக் கூட்டமாகப் போய் அரை மணி நேரம் உருட்டிவிட்டு வருகிற ஒன்றாகத்தான் பலருக்கு இது தெரியும். ஆனால் 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே பதக்கத்துக்குரிய போட்டியாக இடம்பிடித்த ஆட்டம் இது. விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தோளில் பந்துப் பையோடு ஊரின் அந்தக் கோடிக்குப் போய் ஆடிவிட்டு வருகிறார்கள். அவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விதான் இன்றைய பேச்சு. லேன் காய்ந்து கிடக்கிறது, எந்தப் பந்து வாங்கலாம்?

லேனில் எண்ணெய் பூசியிருக்கும் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆடுபவர் தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் முன்பக்கம் சுமார் 40 அடிக்கு ஓர் இயந்திரம் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பூசும். நடுவில் கூடுதலாக, இரண்டு ஓரங்களிலும் குறைவாக. கடைசி 20 அடி வெறும் தரை. எண்ணெய் இருக்கும் வரை பந்து வழுக்கிக்கொண்டு போகும். வெறும் தரை வந்ததும் பிடிமானம் கிடைத்து வளையும். அந்த வளைவுக்குத்தான் ஹூக் என்று பெயர்.

கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பவுடர் தீர்ந்த போர்டில் ஸ்டிரைக்கர் என்ன ஆகும்? எவ்வளவு அழுத்திச் சுண்டினாலும் பாதியில் இழுத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பவுடர் செய்கிற வேலையைத்தான் லேனில் எண்ணெய் செய்கிறது.

காலையில் பூசிய எண்ணெய் மாலை வரை அப்படியே இருக்காது. போகிற ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும், கொஞ்சத்தை முன்னால் தள்ளிவிடும். விடுமுறை நாளில் நாள் முழுக்கக் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். தினமும் ஒழுங்காக எண்ணெய் பூசும் இடங்கள் உண்டு, பூசாத இடங்களும் உண்டு. நம் பிள்ளைகள் வேலை முடித்து ஆடப் போவது மாலையில். அதனால் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட லேன்தான்.

லேன் வறண்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உருட்டிய பந்து திரும்பி வந்ததும் உடனே துண்டால் துடைத்துவிடாதீர்கள். வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பந்து தரையைத் தொட்டு உருண்ட இடத்தில் வளையம் மாதிரி எண்ணெய்க் கோடு இருக்கும். விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அந்தக் கோடு மங்கலாக இருந்தால், அல்லது தடவிய விரல் சுத்தமாகவே இருந்தால், லேனில் எண்ணெய் இல்லை என்று அர்த்தம். பந்தைப் பற்றிய பேச்சையே இதைப் பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும்.

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன். கன்டெய்னர் யார்டில் வேலை. ஆட்டத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, செகண்ட்ஹேண்டில் ஒரு பந்து வாங்கினான். சாதாரணப் பந்து இல்லை. வெளிநாட்டுப் போட்டிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் உருட்டுகிற வகை. மேல்தோல் ரியாக்டிவ் ரெசின், அதுவும் பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பாகத் தேய்த்தது. வீடியோவில் அவர்கள் போடும்போது பந்து கடைசி வரை போய், சட்டென்று திரும்பி, பின்களை அள்ளிக்கொண்டு போகும். இவன் போட்டால் பாதி லேனிலேயே வளைய ஆரம்பித்துவிடும். ஒரு முறை முதல் பின்னின் மூக்கிலேயே போய் மோதி, இரண்டு ஓரத்திலும் பின்கள் பிளந்து நிற்கும். அடுத்த முறை நல்ல இடத்தில்தான் படும், ஆனால் வலது மூலையில் அந்த 10ஆம் பின் அசையாமல் நிற்கும். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. “அண்ணே, பந்துல கோளாறா, கையில கோளாறா?” என்றான். கையும் சரி, பந்தும் சரி, இந்த லேனுக்குத்தான் அந்தப் பந்து சரியில்லை என்றேன்.

ரியாக்டிவ் ரெசின் எண்ணெய் லேனுக்கென்றே வந்தது. எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு தரையைப் பிடிக்கும். உறிஞ்ச எண்ணெயே இல்லாத தரையில் அதை விட்டால், வெகு முன்னதாகவே பிடித்து, வளைந்து, பின்களிடம் போய்ச் சேருவதற்குள் தன் வலுவைச் செலவழித்துவிடும். பந்து எங்கே படுகிறது என்பது மட்டும் போதாது. எவ்வளவு தெம்போடு, எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பதும் வேண்டும். சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழைந்தால் ஸ்ட்ரைக் விழ, அதாவது ஒரே உருட்டில் 10 பின்னும் சாய, நல்ல வாய்ப்பு. முன்னாடியே வளைந்து களைத்த பந்து அந்தக் கோணத்தில் நுழையாது. 10ஆம் பின் நிற்பது அதனால்தான்.

அங்கே ரேக்கில் கிடந்த பொதுப் பந்து ஒன்றை எடுத்துப் போடச் சொன்னேன். பாலியஸ்டர் பந்து, நாம் பிளாஸ்டிக் என்று சொல்வோமே, அது. “அது சின்னப் பசங்க உருட்டுறதுண்ணே” என்று முகம் சுளித்தான். போடு என்றேன். துளை அவன் விரலுக்குச் சரியாக இல்லை, இருந்தும் போட்டான். பந்து சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் லேசாகத் திரும்பி, 1ஆம் பின்னுக்கும் 3ஆம் பின்னுக்கும் நடுவே நுழைந்தது. 10ஆம் பின்னும் சேர்ந்து விழுந்தது.

இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். வறண்ட லேனில் பலம் குறைந்த பந்துதான் பலமான பந்து. விலை அதிகமான பந்து நல்ல பந்து என்று நினைத்து வாங்காதீர்கள். நாம் ஆடுகிற மாலை நேர லேனுக்கு, விலை குறைந்த பந்தே பல நேரம் நன்றாக வேலை செய்யும். பாலியஸ்டர் எண்ணெயை உறிஞ்சாது, தரையை அவ்வளவாகப் பிடிக்காது, நேராகப் போகும். மிச்சம் நிற்கும் ஒற்றைப் பின்னை அடிக்க, அதாவது ஸ்பேர் எடுக்க, பெரிய ஆட்டக்காரர்களே அதைத்தான் கையில் வைத்திருப்பார்கள். அதைப் பையில் வைத்திருக்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பாலியஸ்டர் போதவில்லை, கொஞ்சம் ஹூக் வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று யூரித்தேன் பந்து. 1980களின் தொடக்கத்தில் வந்தது. சீக்கிரமே தரையைப் பிடிக்கும், ஆனால் துள்ளித் திரும்பாது, ஒரே சீராக வளையும். அடுத்து எங்கே போகும் என்று உங்களால் கணிக்க முடியும். இன்னொன்று, ரியாக்டிவிலேயே மென்மையான ரகம், பேர்ல் என்கிற வகை, பளபளவென்று பாலிஷ் போட்டது. பளபளப்பு கூடினால் பந்து இன்னும் தூரம் போய் வளையும். தேய்க்கும் தாளில் 500, 1000, 2000, 4000 என்று எண் இருக்கும். எண் கூடக் கூட மேற்பரப்பு வழவழப்பாகும். அதனால் அந்தத் தம்பி போல ஏற்கெனவே ஒரு பந்து வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். 4000 வரை தேய்த்து, பாலிஷ் போட்டுப் பாருங்கள், பாதிக் குறை தீரும். போட்டி நடக்கும்போது மட்டும் தேய்க்கக் கூடாது, அது விதி.

பந்துக்குள் கோர் என்று ஓர் எடைக்கட்டி இருக்கிறது. அதன் வடிவத்தைப் படம் போட்டால்தான் காட்ட முடியும், வானொலியில் வேண்டாம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். பந்தின் எடை நடுவில் குவிந்திருக்கிறதா, ஓரத்துக்குப் பரவியிருக்கிறதா என்று காட்ட, அதன் விவரத்தில் ஆர்ஜி என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். விதிப்படி அது 2.46இலிருந்து 2.80க்குள் இருக்க வேண்டும். வறண்ட லேனுக்கு அந்த எண் பெரிதாக இருக்கிற பந்தைப் பாருங்கள், தாமதமாக வளையும். பந்து எவ்வளவு வளையக்கூடும் என்று காட்டும் டிஃபரன்ஷியல் என்று இன்னொரு எண் இருக்கும், அது சிறியதாக இருக்கட்டும்.

அப்புறம், பந்தை மாற்றும் முன் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் தள்ளி நில்லுங்கள். நடுவில் மிச்சமிருக்கும் எண்ணெய் கிடைக்கும். வேகம் வேண்டுமென்றால் பந்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து ஆரம்பியுங்கள். தோளை இறுக்கி எறியாதீர்கள்.

எடையைப் பற்றியும் விரல் துளையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள், சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 பவுண்ட், அதாவது 7 கிலோவுக்குச் சற்று மேல், அதுதான் உச்ச எடை. அவ்வளவு யாருக்கும் கட்டாயமில்லை. கடைசி ஆட்டம் வரை தோள் வலிக்காமல் வீச முடிகிற எடை எதுவோ அதை எடுங்கள். துளை போடுவதற்கு முன்னால் உங்கள் கையை நேரில் காட்டி அளவெடுக்கச் சொல்லுங்கள், முக்கியமாகக் கட்டைவிரலுக்கு. துளை பெரிதாக இருந்தால் பந்தை இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கிப் பிடித்தால் எந்தப் பந்தும் வரிசையில் போகாது.

வணக்கம்.