நாலு மணி இருட்டு

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். லண்டனில் கிறிஸ்துமஸ் விளக்கு பார்த்ததைப் பற்றிப் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். பேசுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் மாயவரத்தில் நாற்பது வருஷம் மைக் செட்டும் சீரியல் செட்டும் கட்டிப் பிழைத்தவன். ஒரு விளக்கைக் காட்டினால் என் கண் வயரைத்தான் தேடும். பேச்சும் அப்படித்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அங்கே நர்ஸாக இருக்கிறாள். டிசம்பர் மாதம் போயிருந்தேன். ஒரு நாள், "அப்பா, நாலு மணிக்கெல்லாம் கிளம்பிடலாம், விளக்கு பார்க்கப் போறோம்" என்றாள். நாலு மணிக்கு என்னம்மா விளக்கு தெரியும் என்று கேட்டேன். நாலு மணி என்றால் நமக்கு டீக்கடையில் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்கிற நேரம். மார்கழியிலும் நமக்குப் பொழுது சாய ஆறு மணி ஆகிவிடும். அங்கே நாலு அடிப்பதற்குள் சூரியன் போய்விடுகிறது. வீட்டு வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன், தெரு இருட்டு. அந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படித் தெருத்தெருவாக விளக்கு கட்டுகிறார்கள் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

லண்டனுக்குள் போவதற்கு முன்னால் சீரியல் செட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இப்போது எல்லாம் எல்இடி. அந்தக் காலத்தில் ஆறு வோல்ட் சின்னப் பல்பு. வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட். அதனால் சுமார் நாற்பது பல்பை ஒரே சரமாகக் கோப்போம். ஒன்று போனால் நாற்பதும் போச்சு. படம் போட்டுக் காட்டினால் சுலபம், ரேடியோவில் அதற்கு வழியில்லை. நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். வாய்க்காலை நடுவில் அடைத்தால் கடைமடைக்குத்தான் தண்ணீர் இருக்காது, தலைமடைக்காரர் பாட்டுக்குப் பாய்ச்சிக்கொண்டிருப்பார். சீரியல் செட்டில் தலைமடைக்கும் கிடையாது. அதிலே இன்னொரு ஆபத்து, எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்தில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். பொம்மை பல்புதானே என்று விரலை வைத்தால் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இப்படித்தான். பதினேழு வயது. குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்தில் பங்குனி உத்திரம். மூங்கில் சட்டத்தில் முருகன் மயில் மேல் இருக்கிற மாதிரி சீரியல் செட். சுவாமி தெரு திரும்புகிற நேரம் பார்த்து மயிலின் தோகை மட்டும் அணைந்துவிட்டது. முதலாளி என்னை மேலே ஏற்றிவிட்டார். கையில் ஒரு நல்ல பல்பு. ஒவ்வொன்றாகக் கழற்றி, நல்லதைப் போட்டுப் பார்த்து, மறுபடி பழையதை மாட்டி, அடுத்தது. கீழே சுவாமி நிற்கிறது, ஊரே நிற்கிறது. நாதஸ்வரக்காரர் மட்டும் சளைக்கவில்லை. தோடியை எடுத்தார் பாருங்கள்! நான் பத்தாவது பல்பில் இருக்கும்போது அவர் தோடியின் வாசலில் இருந்தார், இருபதாவது பல்பில் நடுவீட்டுக்கு வந்துவிட்டார். முப்பதைத் தாண்டியதும் எனக்கு விரலில் ஒரு அடி விழுந்தது, மூங்கிலோடு சேர்ந்து ஆடிப்போனேன். அதற்கு அடுத்த பல்புதான் குற்றவாளி. தோகை எரிந்தது. அவர் தோடியை முடித்து, சீவாளியைத் துடைத்துவிட்டு, மேலே பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார். அவ்வளவு நீளமான ஆலாபனையை அந்த ஊர் அதற்கப்புறம் கேட்டிருக்காது. கேட்டதற்குக் காரணம் நான்.

கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலில் கரண்ட் பல்பு கட்டியவர் எட்வர்ட் ஜான்சன். எடிசனின் கூட்டாளி. 1882இல் நியூயார்க்கில், தன் வீட்டில். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 பல்பு. அத்தனையும் கையால் வயர் கோத்தது என்று படித்தபோது எனக்கு விரல் வலித்தது.

சரி, லண்டன். ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, மேலே ஏறி வெளியே வந்து ரீஜென்ட் ஸ்ட்ரீட்டில் நடந்தோம். வளைந்து போகிற பெரிய கடைத்தெரு. அங்கே 1954இலிருந்து கிறிஸ்துமஸுக்கு விளக்கு கட்டுகிறார்கள், ஆரம்பித்தது அந்தத் தெரு வியாபாரிகள்தான். நம் ஊர்க் கடைத்தெருவில் வர்த்தகர் சங்கம் உபயம் என்று போர்டு வைப்பார்களே, அதே கதைதான். தலைக்கு மேலே சிறகை விரித்துக்கொண்டு சம்மனசுகள், ஒன்றன்பின் ஒன்றாக, தெரு திரும்புகிற வரைக்கும். எல்லோரும் சம்மனசைப் பார்த்தார்கள். நான் அது தொங்குகிற கம்பியைப் பார்த்தேன். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரும்பு வடம், அவ்வளவுதான். ஒரு சவுக்குக் கம்பம் கிடையாது, ரோட்டில் ஒரு குழி கிடையாது. நான் எத்தனை ஊரில் கடப்பாரையோடு குழி தோண்டியிருப்பேன்! கூட்டம் அடங்கின ராத்திரிகளில் கட்டுவார்களாம். பேத்தி கையை இழுத்தாள். "தாத்தா, ஏஞ்சலைப் பாருங்க, சுவரையே பாக்குறீங்க."

பிக்காடிலியில் விளம்பரத் திரைகளின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. அங்கே நிற்கவில்லை. நேரே டிரஃபால்கர் சதுக்கம்.

அங்கே ஒரே ஒரு மரம். ஸ்ப்ரூஸ் மரம், இருபது மீட்டர் உயரம். நார்வே நாட்டுத் தலைநகர் ஆஸ்லோ, 1947இலிருந்து வருஷா வருஷம் லண்டனுக்கு அனுப்புகிற மரம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் நார்வேயைப் பிடித்தபோது அந்த நாட்டு ராஜா ஹாகோன் லண்டனில்தான் வந்து தங்கியிருந்தார். அந்த நன்றிக்கு ஒரு மரம். மரம் ஒல்லியாக இருக்கிறது, வாடியிருக்கிறது என்று லண்டன்காரர்களே கேலி செய்வதும் உண்டு. சீர் வரிசையைக் குறை சொல்லாத சம்பந்தி வீடு எங்கே இருக்கிறது?

எனக்கு அந்த மரம்தான் பிடித்தது. நான் மரத்துக்கு விளக்கு கட்டினால் சுற்றிச் சுற்றிக் கட்டுவேன். இங்கே உச்சியிலிருந்து அடி வரைக்கும் நேர் நேராகச் சரம் இறங்குகிறது, வெள்ளை விளக்கு மட்டும். ஒரு சரத்துக்கும் அடுத்த சரத்துக்கும் நடுவே இருட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். இருட்டில் இலை தெரிகிறது. இதைத்தான் நான் நம் ஊரில் தொண்டை வற்றச் சொல்கிறேன். இருட்டை விடுங்கள் ஐயா! கல்யாண வீட்டுக்காரர் கேட்பதில்லை. "ஒரு இடம்கூட இருட்டா இருக்கக் கூடாதுண்ணே" என்கிறார். வாசலிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் எல்இடியை வலை மாதிரி போர்த்திவிட்டு, பெண் மாப்பிள்ளை பெயர்ப் பலகை எங்கே என்று தேடுகிறோம்.

இதைச் சொல்லும்போது 2018 ஞாபகம் வருகிறது. நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அங்கே யாருக்கும் அந்தத் தேதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னையோடு கரண்ட் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ஒரு சின்னக் கிராமத்துக் கோவிலில் கூப்பிட்டார்கள். ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டரோடு போனேன். சாமியார், "ஒரு ஸ்டார் போதும்" என்றார். மூங்கில் பிளாச்சில் வர்ணத்தாள் ஒட்டிய ஸ்டார், உள்ளே 60 வாட்ஸ் பல்பு ஒன்று. சாய்ந்து கிடந்த சவுக்கையே நட்டுக் கட்டினேன். அப்புறம் பெட்ரோல் வாங்க வண்டியில் போய்விட்டுத் திரும்பி வருகிறேன், வயலுக்கு அந்தப் பக்கம், இரண்டு கிலோமீட்டர் இருக்கும், அந்த ஸ்டார் தெரிகிறது. நடுவில் வேறு எதுவுமே இல்லை. வரப்பில் ஆட்கள் வரிசையாகப் போகிறார்கள், பேச்சுக் குரல் மட்டும் கேட்கிறது. நான் கட்டின விளக்கை எட்ட நின்று பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரைக்கும் எப்போதும் அதன் முதுகுப் பக்கம் ஜெனரேட்டரோடு உட்கார்ந்திருப்பேன்.

தரங்கம்பாடி கிறிஸ்துமஸைப் பற்றித்தான் கடைசியில் விரிவாகச் சொல்ல நினைத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். தோடியில் நேரம் போய்விட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். டென்மார்க் ராஜா அனுப்பி சீகன்பால்கு என்கிற ஜெர்மன் பாதிரியார் அங்கே வந்து இறங்கியது 1706. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718. முகப்பில் அந்த ராஜாவின் முத்திரை இன்னும் இருக்கிறது. மாயவரத்திலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். பழைய நகர வாசலில் இறங்கி, கடலைப் பார்க்க நேரே நடங்கள். ஆறு மணிக்கு மேலே போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். ஸ்வெட்டர் தேவையில்லை, டிசம்பர் மழைக்குக் குடை எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.