உங்க பேர்ல வேற எவனோ லோன் வாங்கியிருந்தா?

ஹாய், சவுண்ட் கேக்குதா, கீழ தண்ணி டேங்கர் வந்து நிக்குது, பெங்களூர் அல்சூர்ல இந்த நேரத்துக்கு இப்டித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.

ஐடென்டிட்டி தெஃப்ட்னாலே நம்ம ஆளுங்க ஓடிபி சொல்லிட்டாங்க, அக்கவுண்ட்ல காசு போச்சு, அதத்தான் நெனைக்கிறாங்க. அது கூட பரவால்லங்க, மெசேஜ் வந்துரும், அன்னைக்கே தெரிஞ்சிரும். நான் சொல்றது வேற. உங்க காசு ஒரு ரூபா கூட போயிருக்காது, ஆனா உங்க பான், ஆதார வெச்சு எவனோ லோன் வாங்கிட்டு போயிருப்பான். எங்க தெரு முக்குல அயர்ன் கடை வெச்சிருக்க அண்ணன் ஸ்கூட்டி எடுக்க ஷோரூம் போனாரு, பழைய லோன் கட்டலன்னு காட்டுது, கெடையாதுன்னுட்டாங்க, மனுஷன் கடன் வாங்குனதெல்லாம் சீட்டுக்காரர்கிட்டதான், லோனுக்குன்னு பேங்க் படியே ஏறுனதில்ல!

அதனால மொதல்ல கிரெடிட் ரிப்போர்ட் எடுங்க, உங்க பேர்ல என்னென்ன லோன் இருக்கு, ஒழுங்கா கட்டுறீங்களான்னு காட்டுற ரிப்போர்ட். எல்லாரும் சிபில் மட்டும்தான் சொல்வாங்க, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு சேத்து மொத்தம் 4 கம்பெனி, ரிசர்வ் பேங்க் ரூல்படி ஒவ்வொண்ணுலயும் வருஷத்துக்கு 1 ஃபுல் ரிப்போர்ட் ஃப்ரீ. அவங்க வெப்சைட்லயே எடுங்க, கண்ட ஆப்ல பான் நம்பர் போட்டீங்கன்னா அப்புறம் லோன் வேணுமா லோன் வேணுமான்னு போன் பண்ணியே சாகடிப்பான். என்கொயரின்னு ஒரு பகுதி இருக்கும் பாருங்க, உங்க பேர்ல லோனுக்கு யாரு யாரு செக் பண்ணாங்கன்னு அதுல இருக்கும், சில நேரம் லோன் ஏறுறதுக்கு முன்னாடியே அங்க மாட்டிருவான்.

சரி, உங்களோடது இல்லாத லோன் இருக்கு. ரெக்கவரி ஆளு போன் பண்ணி, ஒரு 5000 கட்டுங்க சார், செட்டில் பண்ணி விட்டுரலாம்பான். கட்டாதீங்க, தயவுசெஞ்சு கட்டாதீங்க. கட்டுனா நீங்களே அந்த கடன ஒத்துக்கிட்ட மாதிரி பேசுவாங்க, ரிப்போர்ட்ல செட்டில்ட்னு விழுந்தா அதுவும் கெட்ட பேருதான். போன்ல வாக்குவாதமே வேணாம், எல்லாம் ஈமெயில்ல. இது என் லோன் இல்ல, அக்ரிமெண்ட் காப்பி குடுங்க, என் கேஒய்சின்னு, அதாவது அடையாள ஆதாரம்னு, எதை வாங்குனீங்க காட்டுங்க, பணம் எந்த அக்கவுண்ட்டுக்கு போட்டீங்க சொல்லுங்கன்னு கேளுங்க. அந்த அக்கவுண்ட் நம்பர்தான் மெயின், அது உங்களோடது இல்லன்னா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுது.

பணம் இப்பதான் போயிட்டிருக்குன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க. பழைய லோன்னா சைபர் கிரைம் போர்ட்டல்ல கம்ப்ளெயிண்ட் போட்டு, பிரிண்ட் எடுத்துட்டு உங்க ஏரியா சிஇஎன் ஸ்டேஷன் போங்க, இங்க சைபர் கிரைம் பாக்குற போலீஸ் ஸ்டேஷன் அதுதான், ரெண்டு வார்த்த கன்னடத்துல பேசுனீங்கன்னா எழுதுற ஆளு முகமே மாறும், இது என் அனுபவம். அடுத்தவன் அடையாளத்த திருடுனா ஐடி ஆக்ட் 66சி, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் ஃபைன். அந்த கம்ப்ளெயிண்ட் நம்பர வெச்சு நாலு கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனில எதுலெல்லாம் அந்த லோன் இருக்கோ அங்கெல்லாம் இது என்னோடது இல்லன்னு டிஸ்ப்யூட் போடுங்க, 30 நாள்ல முடிக்கணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூபா அவங்க உங்களுக்கு குடுக்கணும், 2024ல இருந்து இந்த ரூல் இருக்கு, யாரும் கேக்கறதே இல்ல.

இதெல்லாம் எங்க லீக் ஆகுதுன்னா, பாதி நம்ம கையாலதான். பிஜில ஆதார் ஜெராக்ஸ், வீட்டு புரோக்கர்கிட்ட வாட்ஸ்அப்ல போட்டோ, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல டெலிட் பண்ணாத பிடிஎஃப். 2022 மே மாசம் நம்ம பெங்களூர் ஆதார் ஆபீஸே ஜெராக்ஸ கண்டவங்களுக்கு குடுக்காதீங்கன்னு அறிக்கை விட்டுச்சு, ரெண்டே நாள்ல அரசாங்கம் வாபஸ் வாங்கிருச்சு, மக்கள் தப்பா புரிஞ்சுக்குவாங்களாம். எனக்கென்னவோ மொத சொன்னதுதான் சரி. மாஸ்க்டு ஆதார் குடுங்க, கடைசி 4 நம்பர்தான் தெரியும், ஜெராக்ஸ்தான் வேணும்னா எதுக்கு குடுக்கறீங்கன்னு தேதியோட அது மேலயே எழுதி கையெழுத்து போடுங்க.

சஞ்சார் சாத்தின்னு அரசாங்க வெப்சைட் இருக்கு, அதுல உங்க பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னும் பாத்துருங்க. ஆதார் பயோமெட்ரிக்க லாக் பண்ணி வைங்க, ஆனா ஊர்ல அம்மாவுக்கு லாக் பண்ணி விட்டீங்கன்னா ரேஷன் கடைல கைரேகை எடுக்காது, எப்டி அன்லாக் பண்றதுன்னு சொல்லிக் குடுத்துட்டு பண்ணுங்க, இல்ல அரிசி வாங்காம திரும்பி வந்து உங்களுக்குத்தான் போன் போட்டு திட்டுவாங்க. வரேங்க.