இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்று. பிள்ளைகள் 18 பேர், ஆசிரியர்கள் 2 பேர். ஆசிரியர் ஒருவருக்கு 9 பிள்ளைகள். 30 பேருக்கு ஓர் ஆசிரியர் போதும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. கோட்டையில் உட்கார்ந்து இந்தப் பட்டியலைப் படிப்பவருக்கு, வரிப்பணம் வீணாகிறதே என்றுதான் தோன்றும்.

பள்ளி வாசலில் நின்று பார்த்தால் கணக்கு மாறும். பிள்ளைகள் 18 பேர்தான். ஆனால் வகுப்புகள் ஐந்து. ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்துக்கொண்டே, மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தர வேண்டும். நான் கல்வி அலுவலராக இருந்தபோது பார்வையிடப் போன ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஐந்து வகுப்பையும் தாழ்வாரத்தில் உட்கார வைத்துவிட்டு, இருந்த ஓர் ஆசிரியை கைப்பேசியோடு போராடிக்கொண்டிருந்தார். "வருகை, சாப்பாட்டுக் கணக்கு எல்லாம் ஏற்றிவிட்டுத்தான் சார் கரும்பலகைப் பக்கமே போக முடிகிறது" என்றார். மணி பத்தேமுக்கால். நல்லவேளையாக, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சின்னப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எந்த மாநிலம் கல்விக்கான பணத்தைத் திறம்படச் செலவிடுகிறது என்று அளக்கப் பொருளாதார அறிஞர்களிடம் ஒரு முறை இருக்கிறது. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் வகுத்தது. குறைந்த செலவில் நிறையச் சாதித்தவர்களை எல்லைக்கோடாக வைத்து, மற்றவர்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கெட்டிக்காரத்தனமான முறைதான். ஆனால் இமாச்சலப் பிரதேசம் போல மலைச்சரிவில் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்குச் சின்னப் பள்ளிதான் நடத்த முடியும். தலைக்குச் செலவு கூடத்தான் செய்யும். அதை ஊதாரித்தனம் என்றால் நியாயமா? இன்னொரு வேடிக்கை: காலிப் பணியிடத்தை நிரப்பாமல் போட்டு வைத்தாலும் செலவு குறையும். ஏட்டில் அது சிக்கனம்.

என் கவலை எல்லாம் நேரத்தைப் பற்றி. தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது அதன் 27ஆம் பிரிவு. பதிவேடும் பயிற்சியும் கூட்டமும் 'கல்விப் பணி' என்ற பெயரில் அந்தத் தடையைத் தாண்டிவிடுகின்றன. ஆசிரியரின் சம்பளம் கணக்கில் ஏறுகிறது. அவர் வகுப்பில் நின்ற நேரம் எங்கும் ஏறுவதில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. ஊரகப் பள்ளிகளில் அதன் சமையலை ஆசிரியர் தலையில் கட்டாமல் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அதேபோல், பத்துப் பள்ளிக்கு ஓர் எழுத்தரை அமர்த்திப் பதிவு வேலையை அவரிடம் விட்டுவிடலாம். செலவுப் பட்டியலில் ஒரு சம்பளம் கூடும். நிதித்துறை முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். ஆகஸ்ட் முதல் தேதி பிள்ளைகளை எண்ணி, உபரி ஆசிரியர் யார் என்று பணிநிரவலுக்கு, அதாவது வேறு பள்ளிக்கு மாற்றுவதற்கு, பெயர் தேடும்போது, பள்ளியில் எத்தனை வகுப்பு என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.